முஜோகோ: ரோபோவுக்குக் கச்சிதம், ஊசலுக்கு டீஃபால்ட் போதாது

முஜோகோ, ரோபோ ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் இயற்பியல் எஞ்சின்; பொருட்களின் அசைவைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள். 2021-ல் கூகுள் குழுமத்தின் ஏஐ நிறுவனமான டீப்மைண்ட் வாங்கியது, 2022-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. இலவசம். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றல் கணக்கில்தான் கவனம் தேவை.

முதலில், ஆற்றலைக் கணக்கிடச் சொல்லும் எனர்ஜி ஃபிளாக் டீஃபால்ட்டாக அணைந்தே இருக்கும். மாடலை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் ஆப்ஷன் பகுதிக்குள் அதை எனேபிள் செய்த பிறகே நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்று இரண்டு எண்களும் கிடைக்கும். ஒரு ஸ்டெப் (சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் நகரும் சிறு நேரத் துண்டு) முடிந்த கையோடு படித்தால் வருவது அந்த ஸ்டெப்பின் தொடக்க நிலைக்கான கணக்கு. புதிய நிலைக்கு வேண்டுமென்றால் நேரத்தை நகர்த்தாமல் கணக்கை மட்டும் புதுப்பிக்கும் ஃபார்வர்ட் ஃபங்ஷனை ஒருமுறை அழைத்துவிட்டுப் படியுங்கள்.

டீஃபால்ட் இன்டக்ரேட்டர் (அடுத்த ஸ்டெப்பின் நிலையைக் கணக்கிடும் முறை) அரை மறைமுக ஆய்லர், ஸ்டெப் 0.002 விநாடி. 1 மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஊசலைச் சிறிய வீச்சில் விட்டால் ஆற்றல் சுமார் ±0.3% மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். எத்தனை நேரம் ஓட்டினாலும் ஒரே பக்கமாக நழுவாது. இரட்டை ஊசலில் இந்தச் சௌகரியம் போய்விடுகிறது. அங்கே அமைப்பின் நிலைமத்தைச் சொல்லும் நிறை அணி கோணத்தைப் பொறுத்து மாறுகிறது. சுழற்சியால் எழும் கொரியோலிஸ் விசையைப் பழைய வேகத்தில் கணக்கிடுகிறார்கள். அதனால் ஆற்றல் நழுவத் தொடங்கும்.

நழுவலுக்குக் காரணம் எது என்று கண்டுபிடிக்க ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பாருங்கள். நழுவலும் ஏறக்குறைய பாதியானால் குற்றம் இன்டக்ரேட்டருடையது. நழுவல் மாறாமல் அப்படியே நின்றால் மாடலில் எங்கோ அசைவைத் தணிக்கும் டாம்பிங்கோ உராய்வோ ஒளிந்திருக்கிறது. யாரோ எழுதிய மாடலை எடுத்து ஓட்டும்போது பெரும்பாலும் இதுதான். இன்டக்ரேட்டர் குற்றம் என்றால் நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையான ஆர்கே4-க்கு மாறுங்கள். ஸ்டெப்புக்கு நான்கு முறை கணக்கிடும், நேரமும் ஏறக்குறைய அதே மடங்கு கூடும், ஆனால் தொடுகை இல்லாத அமைப்புக்குக் கொடுக்கிற விலைக்குத் தகும். வேகமாகச் சுழலும் பொருளுக்கு இன்னொரு இன்டக்ரேட்டரான 'இம்ப்ளிசிட்' நல்லது. 'இம்ப்ளிசிட்ஃபாஸ்ட்' வேண்டாம், கொரியோலிஸ் பகுதியின் வகைக்கெழுவை அது விட்டுவிடுகிறது.

பந்தைத் தரையில் போட்டால் ஏன் குதிக்கவில்லை என்பது அடிக்கடி வரும் புகார். பிழை அல்ல. தொடுகை எவ்வளவு விறைப்பாக, எவ்வளவு தணிப்போடு இருக்கும் என்று சொல்லும் சால்ரெஃப் அளவுருவின் டீஃபால்ட் 0.02, 1; இரண்டாவது எண்ணான டாம்பிங் விகிதம் 1 என்றால் மாறுநிலைத் தணிப்பு (ஊசலாடாமல் அடங்கிவிடும் அளவு), மோதிய ஆற்றலைத் தரையே விழுங்கிவிடும். அதை 1-க்குக் கீழே இறக்கினால் பந்து எழும்பும். பந்து தரையில் அழுந்தியிருக்கும் சில ஸ்டெப்களில் மொத்த ஆற்றல் திடீரெனக் குறைந்தாலும் பதற வேண்டாம்: புவியீர்ப்பும் மாடலில் உள்ள ஸ்பிரிங்குகளும்தான் நிலையாற்றலில் சேரும், தொடுகையில் தேங்கிய பங்கு சேராது.