பாடுகிறதே என்று நம்பிப் பழைய டர்ன்டேபிள் வாங்காதீர்கள்

இசைத்தட்டு ஓட்டும் உயர்தர டர்ன்டேபிள் ஒன்றைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள், பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இயந்திரத்தில் போன பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. அப்பா பல வருடம் சேர்த்து, உறைகூடக் கசங்காமல் வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஆறு பாழாகிவிட்டன.

விற்றவர் மரியாதையாகத்தான் பேசினார். "நான் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டது சார். கார்ட்ரிட்ஜ் மூவிங் காயில். போன வருஷம் ஊசி மட்டும் மாத்தினேன்" என்றார். ஒரு தட்டைப் போட்டுக் காட்டினார், நன்றாகவே பாடியது. அதில் மயங்கிவிட்டேன்.

அவர் சொன்னதிலேயே சந்தேகப்பட வேண்டிய விஷயம் இருந்தது. கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பாகம். அதில் மூவிங் மேக்னட் வகை என்றால் பெரும்பாலும் ஊசிப் பகுதி மட்டும் தனியாகக் கழன்று வரும், வீட்டிலேயே மாற்றலாம். மூவிங் காயிலில் பெரும்பாலும் அது முடியாது. ஊசி தேய்ந்தால் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் வல்லுநரிடம் அனுப்பிப் புது முனை பொருத்தி வாங்க வேண்டும். அப்படி அனுப்பியிருந்தால் பில் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பொருத்தித் தர அவரே வீட்டுக்கு வந்தார். இது பெல்ட்டில் ஓடும் வகை, உள்சட்டம் ஸ்பிரிங்குகளில் தொங்கும். இப்படிப்பட்டதில், தட்டு உட்காரும் சுழல்வட்டான பிளாட்டரைக் கழற்றித் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும். அவர் எல்லாவற்றையும் மாட்டியபடியே காரில் வைத்துக் கொண்டுவந்தார். கேட்டதற்கு, "பக்கத்துலதானே சார்" என்றார்.

பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்ததோடு சரி, ஊசி சரியான கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் அட்டையையே எடுக்கவில்லை. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்னால் இருக்கும் எடையைத் திருகி, ஊசியின் பாரத்தைக் கிராமில் காட்டும் எண் வளையத்தில் 1.8 வந்ததும் நிறுத்தினார். முதலில் ஆர்ம் மேலும் கீழும் சாயாமல் மிதக்கும்படி எடையைச் சரிசெய்து, அந்த இடத்தில் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தமே உண்டு. அதை அவர் செய்யவேயில்லை.

முதல் வாரம் கேட்க நன்றாக இருந்தது. பிறகு, தட்டின் நடுப்பகுதியை நெருங்கும் பாட்டுகளில் 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் துணி கிழிவது போல ஒரு சத்தம். தட்டு பழசு, அதனால்தான் என்று நினைத்து அடுத்ததை எடுத்துப் போட்டேன். இப்படியே ஆறு தட்டுகளின் முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டேன்.

நண்பர் ஒருவர் ஊசியின் பாரத்தை அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைத்தார். 3.2 கிராம்! தயாரிப்பாளர் சொல்லும் அளவு 1.7 முதல் 2 கிராம் வரைதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊசி முனை இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்ந்து, ஓரம் உளி மாதிரி கூர்மையாக இருந்தது. புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கி, அட்டை வைத்துச் சரியாகப் பொருத்தி, அதே தட்டை மறுபடி போட்டேன். கிழிசல் அப்படியே இருந்தது. திருப்பிப் போட்டேன். அந்த இயந்திரத்தில் நான் ஓட்டாமல் விட்டிருந்த இரண்டாம் பக்கம், கண்ணாடி போலச் சுத்தமாகப் பாடியது. அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று முழுதாகப் புரிந்தது.

போன் செய்தேன். "ஓட்டிப் பாத்துத்தானே சார் வாங்கினீங்க?" என்றார். அப்புறம் அவர் போனை எடுப்பதேயில்லை.

ஆகவே உங்கள் தராசை நீங்களே கொண்டுபோங்கள். ஊசி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று விற்பவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கைலென்ஸில் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்திருப்பதும் அழுக்கும் தெரியும், தேய்மானம் தெரியாது. அதனால் பில் இல்லாத ஊசி தேய்ந்த ஊசிதான் என்று வைத்து விலை பேசுங்கள். நல்ல தட்டை எடுத்துப்போய் அதில் போட்டுவிடாதீர்கள்.

ஆர்மை மிதக்கவிட்டு, ஆர்ம் தட்டின் நடுவை நோக்கி இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, மெல்ல ஊதிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் நகர வேண்டும். பிறகு தலைப்பகுதியை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். 'டொக்' என்று ஒரு ஆட்டம் கையில் பட்டால் பேரிங் போயிருக்கிறது. பிளாட்டரின் ஓரத்தைத் தொட்டும் அதேபோல் பாருங்கள்.

வேகத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பிளாட்டரின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ என்றால் சரியாக 100 வர வேண்டும். 83 பக்கம் வந்தால், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான புல்லியை, அதாவது மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரத்தை, 50 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த, மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையும் ஏசி சிங்க்ரோனஸ் மோட்டார் உள்ள இயந்திரங்களில் இது நடக்கும். புல்லியை மாற்றினால் தீர்ந்துவிடும், ஆனால் அது கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டீர்களா? கிளம்பும் முன் பிளாட்டர், பெல்ட், பின்னெடை மூன்றையும் உங்கள் கண்ணெதிரே கழற்றித் தனித்தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். ஊசிக்கு மூடி போட்டு, ஆர்மை அதன் தாங்கியோடு சேர்த்துக் கட்டுங்கள். பிளாட்டரை டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.