மண்மேடா, பில்லரா? சீர்காழி மழைக்குப் பிறகு நாங்கள் கட்டிய வீடு

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை. எங்கள் ஓட்டு வீட்டின் மண்சுவர் ஊறி, ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இடித்துக் கட்ட இரண்டு வழி இருந்தது: மண்ணடித்து பேஸ்மென்ட்டை உயர்த்துவது, அல்லது பில்லர் எழுப்பிக் கீழே திறந்து விடுவது. நாங்கள் பில்லருக்குப் போனோம். (மேட்டு மனை வாங்கிப் போகலாமே என்றார்கள். டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது?)

மண்மேட்டில் செலவு குறைவு, படியேறும் தொல்லையும் இல்லை. காவிரிக் களிமண் மழையில் உப்பி, சித்திரையில் வெடிக்கும். அதனால் அஸ்திவாரம் எந்த வீட்டுக்கும் ஆழமாகத்தான் போக வேண்டும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது தெரு. அப்பா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்கு வருவோம். தார் மேல் தார் போட்டுப் போட்டு, கடைசியில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். இன்று 4 அடி மண்ணடித்தாலும் தெரு ஏற ஏற அந்த உயரம் கரையும். அப்புறம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க வேண்டும், அல்லது மறுபடி இடிக்க வேண்டும். எங்கள் தளமோ 8 அடி உயரத்தில் இருக்கிறது. தெரு இன்னும் இரண்டடி ஏறினாலும் கவலையில்லை, படிதான் குறையும்.

இன்னொன்று, 800 சதுர அடிக்கு 4 அடி என்றால் 3,200 கன அடி, அதாவது 32 யூனிட் மண். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போகும். அடுத்த வருஷம் அவரும் மண்ணடிப்பார். பில்லர் நடுவே தண்ணீர் வந்த வழியே போய்விடும், கீழே அடைக்காத வரை. "ஷட்டர் போட்டுக் கடைக்கு விடேன்டா" என்று மாமா பொங்கலுக்குப் பொங்கல் கேட்கிறார்.

ஊரகப் பகுதிகளில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் கிடைக்கிறது. அதை மட்டும் நம்பி இறங்குபவரிடம் பில்லர் போடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்கு அடியில் மட்டும் மண்ணடித்து, கொல்லையைத் தாழ்வாகவே விடச் சொல்வேன்.

எங்கள் வீடு மழையைத்தான் பார்த்திருக்கிறது. 2018 கஜா மாதிரிக் காற்றை இன்னும் வாங்கவில்லை. முழங்கால் வலிக்கார அம்மா 14 படி இறங்குவது கோலம் போட மட்டும்தான்.