இலவச கேம்: எந்தக் கடையில் எடுத்தால் நம்மிடம் தங்கும்?

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. கம்ப்யூட்டரில் கேம் ஆடும் நம் ஆட்கள் பலருக்கு அது எபிக் நேரம். அதாவது, எபிக் கேம்ஸ் ஸ்டோர் என்ற இணையக் கடையில் புது இலவச கேம் வரும் நேரம். அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் குளிர்காலத்தில் மட்டும் ஒன்பதரை. எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பரில் கடை திறந்த கையோடு இலவசம் தர ஆரம்பித்தது. முதல் கேம் ‘சப்நாட்டிகா’. 2020 மே மாதம் ‘ஜிடிஏ 5’ இலவசம் என்று அறிவித்ததும், பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் சேரும் கூட்டம் மாதிரி ஒன்று சேர்ந்து, தளமே பல மணி நேரம் படுத்துவிட்டது.

எபிக்கில் எனக்குப் பிடித்தது, கெடு ஒரு வாரம் என்பதுதான். அதற்குள் ‘கெட்’ அழுத்தி, பில் பூஜ்யம் என்று பார்த்து ஆர்டர் போட்டால் போதும். டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. போனிலிருந்து பிரவுசரிலேயே எடுத்து வைத்துவிடலாம். லேப்டாப்பே இல்லாமல் ஒரு வருடம் லைப்ரரி சேர்த்த பையன்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆடுவதற்கு எபிக்கின் லாஞ்சர், அதாவது கேமை இறக்கித் திறக்கும் மென்பொருள், வேண்டும். அக்கவுண்ட் கைவிட்டுப் போனால் சேர்த்ததும் போச்சு. அதனால் பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் ‘டூ ஃபேக்டர்’ பாதுகாப்பை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடை ஜெயிக்கிறது. அங்கே இலவசம் அபூர்வம். பெரும்பாலும் தள்ளுபடி சீசனில் வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் கேமை அக்கவுண்டோடு கட்டிவைக்கும் டிஆர்எம் பூட்டு கிடையாது. இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொண்டால், நெட் இல்லாமல், லாஞ்சர் இல்லாமல் ஓடும். நம்முடையது என்று கூசாமல் சொல்லக்கூடியது என் கணக்கில் இது ஒன்றுதான்.

ஸ்டீம் என்ற கடையில் கொஞ்சம் உஷார் வேண்டும். ‘ஃப்ரீ வீக்கெண்ட்’ என்று வருவது ஓசியில் ஆடிப் பார்க்க மட்டும். திங்கள், செவ்வாய்க்குள் கதவு மூடிவிடும். நூறு சதவீதத் தள்ளுபடி போட்டு, குறிப்பிட்ட தேதிக்குள் எடுத்தால் உங்களுக்கே என்று எழுதியிருந்தால்தான் அது நிலைக்கும். இரண்டுக்கும் பச்சை நிறப் பட்டன் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், அந்தச் சின்ன வரியைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பிளேஸ்டேஷன் கன்சோலுக்கான சந்தா சேவையான பிளேஸ்டேஷன் பிளஸை இந்த வரிசையில் வைக்கவே எனக்கு மனசில்லை. மாதாமாதம் கேம் வருகிறது, சரி. சந்தா ஓடும்வரைதான் அவை திறக்கும். நிறுத்தினால் பூட்டு, திரும்பக் கட்டினால் மறுபடி திறப்பு. அது வாடகை.

அப்புறம் ஆட்-ஆன்கள், அதாவது டிஎல்சி என்று மூல கேமோடு சேர்த்து ஆடத் தரும் கூடுதல் துண்டுகள். பலரும் ஏமாறுவது இதில்தான். டிஎல்சி இலவசம் என்றால் அந்தத் துண்டு மட்டுமே இலவசம். மூல கேம் கையில் இல்லாவிட்டால் லைப்ரரியில் சும்மா கிடக்கும். கேம் ஸ்டீமில் இருக்க, டிஎல்சியை எபிக்கில் எடுத்தால் பெரும்பாலும் இரண்டும் சேராது. உடை, காசு, ஆயுதம் என்று வரும் பேக்குகளும் இலவசமாக ஆடும் கேம்களுக்கானவைதான் அதிகம். அந்த கேமை நீங்கள் ஆடுவதில்லை என்றால், கடந்து போய்விடலாம். ஆடுபவர் என்றால் முதலில் கேம் எந்தக் கடையில் இருக்கிறதென்று பாருங்கள், பேக்கையும் அங்கேயே எடுங்கள்.