யுகடான் செனோட்டேக்கள்: ஜிப்லைனா, குகை நீச்சலா?

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் செனோட்டே எனப்படும் இயற்கைக் குகைக் குளங்களுக்குக் குறைவே இல்லை. கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் எதற்குப் போவது? என்னைக் கேட்டால், தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஜிப்லைன் அப்புறம். கம்பியில் சறுக்க உலகம் முழுக்க இடம் உண்டு. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் அரித்துக் குகையாக்கி, கூரை இடிந்து திறந்த இப்படிப்பட்ட குளங்கள் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

பிளாயா டெல் கார்மென் பக்கத்திலுள்ள எக்ஸ்புளோர் முழுக்க முழுக்க சாகசப் பூங்கா. ஜிப்லைன், நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டி, நிலத்தடி ஆற்றில் நீச்சல் என எல்லாம் ஒரே டிக்கெட்டில், சாப்பாடு உட்பட. துறுதுறுவென்று இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளோடு போனால் இதுதான் சரி. ஆனால் எல்லாமே வகுத்து வைத்த பாதை. உங்கள் இஷ்டத்துக்கு ஒரு மூலையில் மிதந்து கிடக்க முடியாது.

பழைய மாயா நகரமான சீச்சென் இட்சாவுக்கு அருகிலுள்ள இக் கில் நேர் எதிர். சாகசக் கருவி எதுவும் வேண்டாம், இடமே போதும். சுமார் 60 மீட்டர் அகலமுள்ள வட்டப் பள்ளம். தரைமட்டத்திலிருந்து 26 மீட்டர் கீழே தண்ணீர். பாறையில் வெட்டிய படிகளில் இறங்கும்போதே மேலிருந்து தொங்கும் வேர்களும் கொடிகளும் நீரைத் தொடுவது தெரியும். உச்சி வெயில் உள்ளே விழும் நேரம்தான் அழகு, சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவதும் அதே நேரம்தான். நான் அழகை விட்டுக்கொடுத்துக் காலையில் போகச் சொல்வேன்.

துலுமுக்கு அருகிலுள்ள டோஸ் ஓஹோஸ் குகை விரும்பிகளுக்கு. சாக் அக்துன் என்ற, நீரில் மூழ்கிய குகைத் தொகுதியோடு இது இணைந்திருப்பது 2018இல் உறுதியானது. மொத்த நீளம் அப்போதே 347 கி.மீ. டைவிங் தெரியாவிட்டாலும் முகமூடியும் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயும் போதும். தலையைக் கீழே வைத்தால், தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவில் சுண்ணாம்புத் தூண்கள் நிற்கும். இருட்டும் தாழ்ந்த கூரையும் மூச்சுமுட்ட வைக்கும் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

ஜிப்லைன், நீச்சல் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு, புவேர்ட்டோ மொரேலோஸிலிருந்து உள்ளே செல்லும் செனோட்டே சாலை. அங்கே சில இடங்களில் ஜிப்லைன் நேராகக் குளத்துக்கு மேலேயே போகிறது. பிடியை விட்டதும் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு விழ வேண்டும். முதுகோ வயிறோ பட்டால் நன்றாக வலிக்கும். நீச்சல் தடுமாற்றம் உள்ளவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இதில் ஏறவே கூடாது. ஒரே நாளுக்கு என் ஓட்டு இந்தச் சாலைக்குத்தான்: இரண்டு மூன்று குளங்களைப் பார்த்துவிடலாம், சாகசமும் குறையாது.

எங்கே போனாலும் சன்ஸ்கிரீன் பூசாதீர்கள், நீளக்கை நீச்சலுடை போடுங்கள். இந்த நிலத்தடி நீர்தான் அங்குள்ளவர்களின் குடிநீர். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம், மின்னல் அடித்தால் ஜிப்லைனை நிறுத்திவிடுவார்கள். அதனால் கம்பியில் ஏறுவதைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிற்பகலைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.