ஏதென்ஸ் பிளாக்காவில் "வீட்டுச் சமையல்" என்று கூப்பிட்டால் உஷார்

ஏதென்ஸ் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பிளாக்காவில், வாசலில் ஆள் நிறுத்தி, படம் போட்ட மெனுவைக் காட்டிக் கூப்பிடும் ஒரு தவெர்னாவில், அதாவது கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில், எங்களை ஏமாற்றினார்கள். பணம் போனது ஒரு பக்கம். சைவம் மட்டுமே சாப்பிடும் என் அம்மாவின் தட்டில் கறியை வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு யெமிஸ்தா கேட்டோம். தக்காளி, குடைமிளகாயைக் குடைந்து, அரிசியோடு புதினா, பார்ஸ்லி கலந்து அடைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி ஓவனில் வேகவைப்பார்கள். சில வீடுகளில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் சர்வரிடம் கறி கிடையாதே என்று கேட்டேன், திரும்பவும் கேட்டேன். "அரிசி மட்டும்தான் மேடம்" என்றார். வந்த தக்காளியின் ஓரம் வாயைச் சுட்டது, நடுவில் ஜில்லென்று இருந்தது. மைக்ரோவேவில் சூடு பண்ணியது. அம்மா கொஞ்சம் சாப்பிட்ட பிறகுதான் அரிசிக்கு நடுவே பழுப்பாகக் கறித்துணுக்குகள் தெரிந்தன. அம்மா முகம் போன போக்கை என்ன சொல்ல. சர்வர், "கொஞ்சம்தானே இருக்கிறது" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அதற்கும் பில்லில் காசு போட்டிருந்தார்கள்.

அடுத்தது மீன். கிரீஸில் மீனுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விலை. நான் கேட்டது சிப்பூரா. எடை போட்டுக் காட்டுங்கள் என்றதற்கு, "அடுப்பில் போட்டாச்சு" என்றார்கள். தலையும் வாலும் ஒரு தட்டுக்குள் அடங்கிய மீன்தான் வந்தது. அந்த அளவுக்கு அரை கிலோ தேறினாலே பெரிது. கையால் எழுதிய துண்டுச்சீட்டில் 1.4 கிலோ என்று இருந்தது. கிலோ 65 யூரோ, ஆக மீனுக்கு மட்டும் 91 யூரோ.

நான் "அபோதிக்சி" கேட்டேன், அதாவது முறையான ரசீது. அதைத் தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தரவேண்டியதில்லை என்பது அங்கே சட்டம். அந்த அறிவிப்பைக் கடையில் ஒட்டியும் வைத்திருக்க வேண்டும். தர இழுத்தடித்தார்கள். சுற்றுலா போலீசைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்ததும் அச்சடித்த ரசீது வந்தது. அதில் மீன் 600 கிராம் ஆகியிருந்தது! யெமிஸ்தா விலையை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை.

சுற்றுலா போலீஸ் எண் 1571, நுகர்வோர் புகாருக்கு 1520. இரண்டையும் போனில் போட்டுக்கொள்ளுங்கள். மீனைச் சமைக்கும் முன்பே உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். உறைய வைத்த மீன் என்றால் மெனுவில் குறிப்பிட்டிருக்க வேண்டும், பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும்.

இதனால் தவெர்னா பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். அதினாஸ் தெருவில் வர்வாக்கியோஸ் சந்தை இருக்கிறது. அதைச் சுற்றி, உள்ளூர்க்காரர்கள் மதியம் சாப்பிடும் கடைகளைப் பாருங்கள். காலையிலேயே சமைத்துப் பெரிய தட்டுகளில் வைத்திருப்பார்கள். பல இடங்களில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், எது வேண்டுமோ கைகாட்டலாம். வெதுவெதுப்பாகத்தான் பரிமாறுவார்கள், அதுதான் அதற்குப் பக்குவம். அங்கே ஒரு கடையில் அம்மா ஃபசொலாக்கியா சாப்பிட்டார். பச்சை பீன்ஸைத் தக்காளியிலும் எண்ணெயிலும் குழைய வேகவைத்தது. ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா நம் பருப்புக் கடைசலுக்கு ரொம்பக் கிட்டத்தில் வரும்.

சைவர்களுக்கு இன்னொன்று. கிரேக்கக் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாடு, "நிஸ்திசிமோ" என்று சொன்னால் கறி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் அந்த நோன்பில் சேர்த்தி. அதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.