பாதியில் நின்ற விமானத்தை வாங்கலாமா: மூன்று வழிகள், ஒரு கணக்கு

போன வருஷம் மூன்று மாதம் நானும் மச்சானும் பக்கியை (எங்கள் பிக்கப் வண்டியை) எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் ஊர் ஊராக அலைந்தோம். யாரோ வீட்டிலேயே கட்ட ஆசையாக ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்ட சின்ன விமானம் ஒன்றை வாங்கித் தொடர வேண்டும் என்பது திட்டம். கடைசியில் மூன்று வழி மிஞ்சியது. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு ஆர்வி-7, அலுமினிய விமானம். உம்லாங்காவில் ஒரு கேஆர்-2, மர விமானம். மூன்றாவது, அடுத்தவர் வேலையே வேண்டாம், ஜோகன்னஸ்பர்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் செய்கிற ஸ்லிங் விமானத்தின் கிட்டை, அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பை, புதிதாக வாங்கிவிடுவது.

ஸ்லிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் அதைச் செய்தவர்களே இதே ஸ்லிங் 2இல்தான் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு துண்டு குறைந்தால் ஜோகன்னஸ்பர்குக்குப் போகும் என்3 சாலையில் ஒரு நாளில் போய் வாங்கி வரலாம். தகடுகளை இணைக்கிற ரிவெட் (ஆணி) இழுத்துப் பொருத்துகிற வகை என்பதால் ஒரே ஆள் வேலையை ஓட்டிவிடலாம். ஆர்வியில் ஒருவர் சுத்தியைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் இரும்புக் கட்டையை அண்டைகொடுக்க வேண்டும். எல்லாம் சரி, விலைதான் இடித்தது. மற்ற இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் அதில் பாதி வராது.

கேஆர்-2 பார்க்க ஜோராக இருந்தது. விற்பவர் "எண்பது சதவீதம் முடிந்தது" என்றார், வெள்ளை பெயின்ட் கூட அடித்திருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பெயின்ட்தான். கேஆர்-2 என்பது மரச் சட்டம், அதன்மேல் ஃபோம், அதற்கும் மேல் ஃபைபர்கிளாஸ். பெயின்ட் ஏறிவிட்டால் உள்ளே பசை சரியாகப் பிடித்ததா, மரம் ஈரம் குடித்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஐந்து ரேண்ட் நாணயத்தால் இறக்கையைத் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கிற இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன இடத்தில் சத்தம் பொதக்கென்று மாறும். வலது இறக்கையின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு அப்படி மாறியது. கடல் ஒரு கிலோமீட்டர் கூட இல்லாத கேரேஜ். வேலை நடந்தபோது எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை, பதிவேட்டில் நான்கு பக்கம், அதிலும் ஒன்று சாமான் வாங்கின கணக்கு! அதில் இருந்த ஃபோக்ஸ்வேகன் எஞ்சின் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, பிரித்துச் சேர்த்தாலும் கையைக் கடிக்காது. ஆனால் எஞ்சினுக்காக இறக்கையை நம்ப முடியுமா? தவிர, மச்சானும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம், தோளோடு தோள் இடித்தது, கதவை மூட ஒருவர் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆர்வி-7 பார்க்க அழுது வடிந்தது. வால் முடிந்திருந்தது, ஒரு இறக்கை முடிந்திருந்தது, இன்னொன்றின் அடித்தகடு இன்னும் மூடவில்லை, உடல் பகுதி பெட்டியிலேயே கிடந்தது. லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டின் உச்சத்தில் ரிவெட் அடிக்கக் காற்று தரும் கம்ப்ரஸர் ஓடவில்லை, வேலை அப்படியே நின்றுவிட்டது, விற்பவர் இப்போது குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போகிறார். ஆனால் மூடாத அந்த இறக்கைதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. டார்ச் அடித்து உள்ளே ரிவெட் தலைகளை அளந்தேன். 2.4 மில்லிமீட்டர் ரிவெட் என்றால் நசுங்கிய தலை அதன் ஒன்றரை மடங்கு, 3.6 அகலமும், 1.2 உயரமும் இருக்க வேண்டும். பதினோரு ரிவெட்தான் தேறவில்லை. அவற்றைத் துளைத்து எடுத்து மாற்றலாம், ஓட்டை கோணாமல் பார்த்துக்கொண்டால் போதும். மனிதர் ஒவ்வொரு நாளும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்திருந்தார். நாளைக்கு ஆய்வாளர் முன் நிற்கப்போவது நான் என்பதால், அந்த ஃபைல் எனக்கு அலுமினியத்தை விடப் பெரிது.

இரண்டு இடத்தில் மட்டும் முரண்டு. உடல் பகுதி வந்த பெட்டியில் ஒட்டிய விவரச் சீட்டில் 2022 என்று இருந்தது. அந்த வாக்கில்தான் ஆர்வி கிட்டுகளைச் செய்கிற வான்ஸ் கம்பெனி லேசரால் வெட்டின தகடுகளை அனுப்பியது. ரிவெட் தலைக்காகக் குழி அடிக்கும்போது சிலவற்றில் ஓட்டை ஓரம் விரிசல் விட்டது. 2023 டிசம்பரில் அவர்கள் திவால் பாதுகாப்பு கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே பெட்டியைப் பிரித்து, எந்தெந்தத் துண்டு என்று அவர்கள் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டு, அந்தத் துண்டுகளின் விலையைக் கழிக்கச் சொன்னோம்.

அடுத்தது எஞ்சின். "லைகாமிங், ஓவர்ஹால் ஆகி பூஜ்ஜியம் மணி" என்றார், அதாவது லைகாமிங் கம்பெனி எஞ்சின், முழுக்கப் பிரித்துச் சேர்த்தபின் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. ஓவர்ஹால் ஆனது 2009இல்! 2000 மணி அல்லது 12 வருஷம், எது முதலோ அதுதான் கணக்கு, ஓடாமலே காலாவதி. லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, சும்மா கிடந்தால் எண்ணெய் வடிந்துவிடும், நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். மறுபடி பிரித்துச் சேர்க்க வேண்டிய எஞ்சின் என்றே விலை பேசினோம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எஞ்சின் இல்லாமலே வாங்கினோம்.

தைப்பூசக் காவடிச் சட்டத்தை அம்மா நகர்த்தித் தந்த இடத்தில் இப்போது இறக்கைகள் நிற்கின்றன. வந்த வாரமே, கசிவு இருக்கிறதா என்று பார்க்க, இறக்கைகளில் உள்ள பெட்ரோல் டாங்குகளின் வாயில் பலூன் கட்டிக் காற்றடைத்து ஒரு ராத்திரி விட்டோம். காலையில் இரண்டும் கொஞ்சம் சுருங்கியிருந்தன, குளிருக்கு அது சகஜம். வெயில் ஏறியதும் வலது பலூன் பழையபடி நிமிர்ந்தது, இடது நிமிரவில்லை. சோப்புத் தண்ணீர் தடவினோம், பின்தகட்டின் மூலையில் கடுகளவு குமிழ் ஒன்று மெதுவாக ஊதிக்கொண்டிருந்தது.