ஆறு வருடம் பாவித்த பெக்கப் மென்பொருள்: கட்டலொக் பற்றி மட்டும் ஒரு புலம்பல்

நேற்று இரவு கல்முனையிலிருந்து ஒரு கூட்டாளி வட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், நீங்க பாவிக்கிற பெக்கப் சொப்ட்வெயார் இப்ப விலை குறைஞ்சிருக்காம், எடுக்கலாமா?" பதில் எழுதத் தொடங்கினேன், அது நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் விற்ற ஆள் என்னோடு கதைக்கமாட்டார், அடுத்த தடவை பழுதானால் எனக்கு அவர்தான் வேண்டும்.

நான் வேலை செய்வது அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு அரிசி ஆலையில். அதோடு மொத்த வியாபாரம், மூன்று கிளை. சேர்வர் நாலு, கம்பியூட்டர் இருபத்தைந்துக்கு மேல். "எண்டர்பிரைஸ்" என்று சொன்னால் முதலாளி சிரிப்பார், ஆனால் லைசன்ஸ் அந்தப் பெயரில்தான், பில் டொலரில்தான். 2022இல் ரூபாய் விழுந்த நேரம் அந்தப் பில்லை அவர் கையில் கொடுத்தவன் நான். சரி, அதை விடுங்கள்.

ஏஜென்ட், சேர்வர், ரெப்போசிட்டரி என்பதெல்லாம் கேட்டவனுக்குத் தெரியும். ஏஜென்ட் ஒவ்வொரு மெஷினிலும் இருந்து டேட்டாவைப் பிடித்துக் கொடுக்கும், நடுவிலுள்ள சேர்வர் யாரிடம் எப்போது எடுப்பதென்று நேரம் பார்த்து ஏவும், எடுத்ததெல்லாம் ரெப்போசிட்டரியில், அதாவது நாஸ் என்கிற, நெட்வேர்க்கில் தொங்கும் டிஸ்க் பெட்டியில் போய் இருக்கும். இந்த மூன்றிலும் எனக்குக் குறை இல்லை. உண்மையைச் சொன்னால் ஏஜென்ட் அருமை. கணக்கு டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சேர்வரில் ஓடுகிறது, பில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கிறது, யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை. விண்டோஸ் சேர்வர் 2003இலிருந்து கூடவே வருகிற விஎஸ்எஸ் என்ற வசதியைக் கூப்பிட்டு, டிஸ்கில் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவைத்து, அந்தக் கணத்து நிலையை அப்படியே பிடித்து ஸ்னாப்ஷொட் எடுத்து, அந்த ஸ்னாப்ஷொட்டைத்தான் படிக்கிறது. வெறும் ஃபைல் கொப்பி அடித்தால் பாதி எழுதின டேட்டாபேஸ்தான் கையில் வரும். டீடூப்பும் நல்லது. டேட்டாவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு ஹாஷ் போட்டு, ஏற்கெனவே இருக்கிற துண்டை இரண்டாம் தரம் வைக்காது. இருபத்தைந்து மெஷினிலும் இருப்பது ஒரே விண்டோஸ்தானே. நாஸ் நிரம்பி நான் புது டிஸ்க் கேட்டுப் போனது ஆறு வருடத்தில் ஒரே தரம்.

இனி கட்டலொக்.

இந்த மென்பொருள் எடுத்த ஒவ்வொரு பெக்கப்பும் எங்கே இருக்கிறது, எந்த முழு பெக்கப்போடு எந்த இன்கிரிமென்டல் (அதற்குப் பிறகு மாறினதை மட்டும் எடுத்த பெக்கப்) சேர வேண்டும், எது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தனியாக ஒரு டேட்டாபேஸில் எழுதி வைக்கும். அதுதான் கட்டலொக். அது இருந்தது பெக்கப் சேர்வரின் சி டிரைவில். நான் வைக்கவில்லை, இன்ஸ்டோலர் வைத்தது. அடுத்து, அடுத்து என்று அமுக்கினால் அங்கேதான் போய் விழும்.

போன பெரும்போக வெள்ளாமை வெட்டு நேரம். வாசலில் லொறி வரிசை. கரண்ட் போனது, வந்தது, திரும்பவும் போனது, கடைசியாக வந்த வேகத்தில் கணக்கு சேர்வரில் டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுகிற ரெய்டு கார்ட்டும் பெக்கப் சேர்வரின் எஸ்எஸ்டியும் சேர்ந்தே போய்விட்டன. யுபிஎஸ் பற்றரி கிழடு, அது என் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். நாஸ் பக்கத்து அறையில் தப்பியது. பெக்கப் முழுக்கக் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் வேறொரு மெஷினில் மென்பொருளைப் போட்டு நாஸைக் காட்டினேன். திரையில் ஒன்றுமில்லை. பூச்சியம் பெக்கப். "இம்போர்ட்" கொடுத்தேன், ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படித்து கட்டலொக்கைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. 87 வீதத்தில் நின்ற கோடு காலையிலிருந்து பின்னேரம் வரை அசையவேயில்லை. செத்துவிட்டதா, ஓடுகிறதா என்று காட்டவும் ஒன்றுமில்லை. நாஸின் பச்சை விளக்கு துடிப்பதைப் பார்த்துத்தான் உயிர் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தேன். மொத்தம் 19 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் தராசில் இருந்தவர் கைத்துண்டில் எழுதி எழுதிக் கொடுத்தார்.

நடுவில் முதலாளி வந்தார். "தம்பி, எல்லாம் இருக்கு எண்டுறாய். மறுகா ஏன் காட்டுதில்ல?"

"முதலாளி, நெல்லு முழுக்க ஸ்டோருக்குள்ள பத்திரமா இருக்கு. எந்த மூட்டை யார்ர, எங்க கிடக்கு எண்டு எழுதின கொப்பிதான் எரிஞ்சிட்டு."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அப்ப அந்தக் கொப்பிய இன்னொரு இடத்துல எழுதி வைக்கல்லயா?"

அதுதான் கேள்வி. மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. கட்டலொக்கை ஒவ்வொரு நாளும் வேறு இடத்துக்கு அனுப்பலாம், மெனுவில் நாலாவது அடுக்குக்குள் இருக்கிறது. கையேட்டிலும் எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் குற்றம் பாதிக்குப் பாதி. ஆனால் என் நியாயம் இந்த இடத்தில் கொஞ்சம் வழுக்குகிறது: டிஸ்கில் இடம் குறைந்தால் சிவப்பில் கத்துகிற, லைசன்ஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கிழமைக்கொரு ஈமெயில் போடுகிற மென்பொருள், "உன் கட்டலொக் ஒரே இடத்தில் இருக்கிறது" என்று இத்தனை வருடத்தில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. காசு வருகிற விஷயத்துக்கு மட்டும் ஞாபகம்.

ஒன்றும் தொலையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் இரவு வரையான பில் அத்தனையும் திரும்பி வந்தது. அந்த ஒரு நாள் பில்களைக் கைத்துண்டு பார்த்து அடித்தோம்.

இப்போது கட்டலொக் இரவு 2 மணிக்கு வேறொரு மெஷினுக்குப் போகிறது. அதைப் பூட்டிய பாஸ்வேர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில், காணி உறுதிகளோடு. அந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தால் அனுப்பிய பிரதியும் குப்பைதான். மாதத்துக்கு ஒருமுறை கணக்கு டேட்டாபேஸை ஒரு பழைய மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் சரிதானா என்று பார்க்கிறேன். பெக்கப் முடிந்ததென்று மென்பொருள் போடுகிற பச்சை டிக்கை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன்.

அப்புறம், கூட்டாளி இன்னொன்றும் கேட்டிருந்தான், இரண்டாவது பிரதியை எங்கள் கல்முனைக் கிளையில் வைத்தால் போதாதா என்று. போதாது. கல்முனையும் கரை, அக்கரைப்பற்றும் கரை. 2004 டிசம்பர் 26 சுனாமியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் இரண்டாவது பிரதி இருக்கிற டிஸ்க் சனிக்கிழமைகளில் பஸ்ஸில், கரையை விட்டு உள்ளே இருக்கிற அம்பாறை டவுனுக்குப் போகிறது, அங்கே எதிலும் செருகாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது. செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கிற ரான்சம்வெயார் வருகிற அன்று அதுவும் சேர்ந்து போகும். 2023இல் அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுடில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது இப்படித்தான், அந்தக் காலத்துக்கு ஓஃப்லைன் பிரதி இருக்கவில்லை.

சரி, வாங்கலாமா? வாங்காதே மச்சான். விலை குறைந்தாலும் வாங்காதே. நாலு சேர்வருக்கு இது பெரிய சட்டை, இதைவிடச் சின்னதாக, கட்டலொக்கை பெக்கப் ஃபைலோடு சேர்த்தே வைக்கிற ஒன்றைப் பார். நாங்கள் இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டோம், அது வேறு கதை. பில் என் லாச்சிக்குள் கிடக்கிறது, முதலாளிக்கு இன்னும் காட்டவில்லை.